முனவ்வர் விடுதி: அத்தியாயம் 7 – இரும்பு என்று சொல்லாதவள்

முனவ்வர் அக்காவின் விடுதியில் ஏழு அறைகளுக்கும் சேர்த்து ஒரே ஒரு குளியலறைதான். காலை ஆறு மணிக்கே அதன் வாசலில் வரிசை நின்றுவிடும். வெந்நீர்த் தொட்டி நாலு பேருக்குத்தான் தாங்கும். ஐந்தாவது ஆள் குளிர்ந்த நீரில் கத்துகிற சத்தம் கேட்டதும், ஆறாவது ஆள் முகத்தை மட்டும் கழுவிக்கொண்டு போய்விடுவார்.

அந்த வரிசையில் நின்று நின்றே சல்கின் கிர்கிஸ்தான் தலைநகரான பிஷ்கெக்கைத் தெரிந்துகொண்டுவிட்டாள். எந்தக் கடையில் பொத்தான் மலிவு, எந்தப் பேருந்தில் பை பத்திரம் எல்லாம் அங்கேதான் பேசுவார்கள்.

நான்கு நாட்களுக்கு முன்னால் இப்படியொரு இடம் இருப்பதே அவளுக்குத் தெரியாது. நரின் மலைப்பக்கத்துக் கிராமத்திலிருந்து ஆறு மணி நேரம் காரில் குலுங்கி வந்து இறங்கினால், தங்க வைப்பதாகச் சொன்ன சொந்தக்காரர் வீட்டுக் கதவில் பூட்டுத் தொங்கியது. மாமனார், நாத்தனார் பெர்மெத், சல்கின், நாலு மூட்டை. எல்லாம் நடுத்தெருவில்.

காரோட்டி ஷைலோபெக் அப்படியே விட்டுவிட்டுப் போயிருக்கலாம். அவன் போகவில்லை. "எனக்குத் தெரிஞ்ச அக்கா ஒருத்தங்க இருக்காங்க. அரண்மனையெல்லாம் இல்ல. ஆனா தலகாணி உறை சுத்தமா இருக்கும்" என்று சொல்லி, ஓஷ் சந்தைக்குப் பின்தெருவில் கொண்டுவந்து இறக்கினான். தேர்தல் நாளில் பிறந்ததால் 'தேர்தல்' என்று பொருள்படப் பெயர் வைக்கப்பட்டவன் அவன். நின்றிருந்தால் ஜெயித்திருப்பான்.

நான்காம் எண் அறையில் மூன்று கட்டில். ஒரு கட்டிலுக்கு ஒரு கால் இல்லை, செங்கல் இருந்தது. பக்கத்து அறையில், சந்தையில் காலுறை விற்கும் உல்கான் அக்கா தும்மினால் இந்த அறையிலிருந்து பெர்மெத் "நூறு வயசு" என்பாள், உல்கான் அக்கா அங்கிருந்தே "உனக்கும்தான்" என்பாள். ஜன்னலைத் திறந்தால் இறைச்சி சம்சா வேகும் வாசனை, தள்ளுவண்டிக்காரர்கள் "வழி, வழி" என்று போடும் கூச்சல், யாரோ யாரையோ விலைக்காகத் திட்டும் சத்தம்.

சல்கினுக்கு இதெல்லாம் பிடித்துப்போய்விட்டது. வெளியில் சொல்ல வெட்கம். கணவன் எர்மெக் மாஸ்கோவில் கட்டட வேலைக்குப் போனதிலிருந்து வீட்டில் மாமனார், மாமியார், மகன் எல்லோருக்கும் முன்னால் எழுவது அவள், கடைசியில் படுப்பது அவள். இங்கே முதல் நாள் காலையில் முனவ்வர் அக்கா அவள் முன்னால் ஒரு கிண்ணம் தேநீரை வைத்து "உக்காந்து குடி, எங்க ஓடறே" என்றாள். கல்யாணமான பதினோரு வருடத்தில் இன்னொருவர் ஊற்றிக் கொடுத்துக் குடித்த முதல் தேநீர் அதுதான். அடுப்பு மூலையில் திரும்பி நின்று கண்ணைத் துடைத்துக்கொண்டாள். புகை என்று சொல்லிவிட்டாள்.

வந்த காரியம் மாமனார் தெமிர்பெக்கின் கண். இடது கண் குதிரை உதைத்துப் போய் இருபது வருடம் ஆகிறது. மிச்சமிருந்த வலது கண்ணில் மூன்று வருடமாகப் புரை. வெளிநாட்டு மருத்துவர் குழு ஒன்று வந்து மலைக்கிராமத்தவர்களுக்கு இலவசமாக அறுவை செய்துகொண்டிருந்தது. பட்டியலில் நாற்பது பேர். குழு நாளை இரவு ஊர் திரும்புகிறது, அடுத்த வருடம்தான் வரும். அடுத்த வருடம் வரை இந்தக் கண் தாங்காது என்று மாவட்ட மருத்துவர் சொல்லியிருந்தார். இருப்பது ஒரு கண். அதுவும் போனால் மனிதர் இருட்டில்.

அவருக்குக் கொடுத்திருந்த நாள் நாளைக்கு. அதனால் இன்று காலை சல்கின் அவசரமில்லாமல் கஞ்சியைக் கிளறிக்கொண்டிருந்தாள். முனவ்வர் அக்கா லக்மான் நூடுல்ஸுக்கு மாவு பிசைந்தபடியே பேச்சைத் தொடங்கினாள். உய்குர் இனத்துக்காரி. கை மாவில் இருந்தால்தான் வாய் நன்றாக ஓடும்.

"நேத்து சாயங்காலம் நீங்கல்லாம் சந்தைக்குப் போயிருந்தீங்கல்ல, அப்ப கண் ஆஸ்பத்திரியிலேர்ந்து ஒரு போன் வந்துச்சு சல்கின்."

"எங்களுக்கா அக்கா?"

"உங்களுக்கா இருந்தா சொல்லியிருக்க மாட்டேனா. போலோத்பெக்னு யாரோ ஒருத்தர் இங்க தங்கியிருக்காராம். நாளைக்கு வரவேண்டியவரு, இன்னிக்கே வரணுமாம், டாக்டருங்க கிளம்பற அவசரத்துல இருக்காங்களாம். நானும் எல்லார் பாஸ்போர்ட்டையும் எடுத்து ஒண்ணொண்ணா பாத்தேன். அப்படி ஆளே இல்லம்மா, நம்பர் தப்பா இருக்கும்னு சொல்லிட்டேன்."

சல்கினின் கையிலிருந்த கரண்டி கஞ்சிக்குள் முழுசாக இறங்கிப் போனது.

"அதுக்கு அவங்க என்ன சொன்னாங்க?"

"சரி, அப்ப பேர அடிச்சிடறோம், பின்னால நெறைய பேர் காத்திருக்காங்கன்னு சொன்னா அந்தப் பொண்ணு. ஏன், உனக்குத் தெரிஞ்சவரா?"

"எங்க மாமாதான் அக்கா."

முனவ்வரின் கை மாவிலேயே நின்றது. "உங்க மாமா தெமிர்பெக் இல்ல?"

அந்தப் பெயர் காதில் விழுந்ததும் வழக்கம்போல் சல்கினின் தலை தானாகக் குனிந்தது. "ஆமா. நீங்க சொன்ன பேருதான்."

தெமிர் என்றால் இரும்பு. மாமனார் பெயரை மருமகள் வாயால் சொல்வதில்லை. பெயரை மட்டுமல்ல, பெயருக்குள் இருக்கிற சொல்லையும் சொல்வதில்லை. போலோத் என்றால் எஃகு. அதனால் பதினோரு வருடமாக அவள் வாயில் இரும்பெல்லாம் எஃகு. இரும்புச் சட்டி எஃகுச் சட்டி, இரும்பு ஆணி எஃகு ஆணி. மாமனாரைப் பற்றி வெளியாரிடம் சொல்ல நேர்ந்தால் போலோத்பெக். ஊரில் தபால்காரர் உள்பட எல்லோருக்கும் அது புரியும்.

நகரத்துப் பட்டியலுக்கு அது புரியாது என்பது அவளுக்குத் தெரியாதா என்ன? தெரியும். ஆனால் முதல்முறை கிராமத்திலிருந்து ஆஸ்பத்திரிக்குப் போன் செய்து பெயர் கொடுத்தபோது மாமியார் பக்கத்தில் உட்கார்ந்து கம்பளி நூற்றுக்கொண்டிருந்தார். "நோயாளி பேரு?" என்று கேட்டார்கள். வாய் போலோத்பெக் என்றது. மாமியார் தலையை ஆட்டினார், திருப்தியாக. நகரத்துக்குப் போய்த் திருத்திக்கொள்ளலாம் என்று நினைத்தாள்.

இங்கே வந்த அன்று, விடுதி நடையில் இருந்த போனிலிருந்து கூப்பிட்டு, வந்துவிட்டோம், இதுதான் நம்பர் என்று சொன்னாள். திருத்தியிருக்க வேண்டிய நேரம் அதுதான். ஆனால் மாமனார் இரண்டு அடி தள்ளி நாற்காலியில் உட்கார்ந்து தேநீர் ஊதிக்கொண்டிருந்தார். மறுபடியும் போலோத்பெக்.

முனவ்வர் அக்கா இதையெல்லாம் கேட்டுவிட்டு, சிரிக்கத் தொடங்கி, பாதியில் நிறுத்தி, மாவுக் கையாலேயே நெற்றியில் அடித்துக்கொண்டாள். "உன்கிட்ட ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். நாலு நாளா கட்டில எஃகுக் கட்டில் எஃகுக் கட்டில்னு சொல்லிட்டிருக்கே, அப்பவாவது எனக்கு உறைச்சிருக்க வேணாமா."

"என்ன ஆச்சு?" என்று வாசலில் குரல் கேட்டது. பெர்மெத். கிராமப் பள்ளியில் கணக்கு வாத்தியார். இருபத்தாறு வயது. அவள் நாக்கில் படாமல் தப்பிக்க தலைமையாசிரியரே ஒதுங்கி நடப்பார்.

சொல்லித்தானே ஆகவேண்டும். சல்கின் சொன்னாள்.

"அண்ணி, எங்கிட்ட சொல்லியிருந்தா ஒரு நிமிஷத்துல நான் பேசியிருப்பேன்ல. எங்கப்பா பேரச் சொல்ல எனக்கென்ன தடை? நாலு நாளா வாயில என்ன வெச்சிருந்தீங்க?"

"பயமா இருந்துச்சு."

"யாரப் பாத்து?"

"உன்னத்தான்."

பெர்மெத் தலை வாருவதை நிறுத்தினாள். சீப்பு தலையிலேயே சொருகியிருந்தது. இந்தப் பதில் அவளுக்கு எந்தக் கணக்கிலும் வந்ததில்லை. "சரி, மணி ஏழுதான் ஆகுது. கிளம்புங்க" என்றாள், குரலைத் தாழ்த்தி.

அடுத்த பத்து நிமிடத்தில் விடுதியே எழுந்துவிட்டது. முனவ்வர் அக்கா இரண்டாம் எண் அறைக் கதவைத் தட்ட, அங்கேயே அறை எடுத்திருந்த ஷைலோபெக் செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு கண்ணைக் கசக்கியபடி வந்து "எங்க போகணும்?" என்று மட்டும் கேட்டான். குளியலறை வரிசையில் ஐந்து பேர் நின்றார்கள். முன்னால் நின்ற உல்கான் அக்கா திரும்பி, "ஆஸ்பத்திரிக்குப் போற பெரியவரு, வழி விடுங்கப்பா. வெந்நீர் அவருக்கு" என்றாள். ஐந்து பேரும் சுவரோரம் ஒதுங்கினார்கள். ஒருவர்கூட முணுமுணுக்கவில்லை. சல்கின் யாருக்கென்று நன்றி சொல்வாள், கையைக் கட்டிக்கொண்டு எல்லோருக்கும் பொதுவாகத் தலை குனிந்தாள்.

முனவ்வர் அக்கா ஏப்ரனைக் கழற்றி உல்கானிடம் கொடுத்தாள். "நானும் வர்றேன். இல்லைன்னு சொன்னது இந்த வாய்தான். இருக்காருன்னு இதே வாய் வந்து சொல்லட்டும்."

மாமனாரிடம் ஆபரேஷன் தேதியை முன்னால் தள்ளிவிட்டார்கள் என்று மட்டும் சொன்னார்கள். அவர் வெள்ளைத் தொப்பியைச் சரியாக வைத்துக்கொண்டு முன்சீட்டில் ஏறினார். பாதி வழியில் கேட்டார்.

"மூணு பொம்பளைங்க பின்னாடி உக்காந்திருக்கீங்க. ஒரு சத்தமும் காணோம். யாரு செத்தா?"

"யாரும் சாகலப்பா" என்றாள் பெர்மெத்.

"அப்ப பேசுங்க. வண்டி நின்னுபோச்சோன்னு பயமா இருக்கு."

ஆஸ்பத்திரி வாசல் கண்ணாடியில் பட்டியல் ஒட்டியிருந்தது. இருபத்துமூன்றாவது பெயருக்கு மேல் ஒரு கோடு. பக்கத்தில் பேனாவால் வேறொரு பெயர். சல்கின் கோட்டுக்கு அடியில் போலோத்பெக் என்று படித்தாள்.

ஜன்னலுக்குள் இருந்த பெண் தலையைத் தூக்கவில்லை. "தெமிர்பெக்னு யாரும் இல்ல. போலோத்பெக்னா நேத்தே அடிச்சாச்சு. ஆள் இல்லைன்னு விடுதியிலேயே சொல்லிட்டாங்க."

"சொன்னது நான்தான்" என்று முனவ்வர் அக்கா ஜன்னலில் முழங்கையை ஊன்றினாள். "தப்பா சொல்லிட்டேன். ஆளு இதோ பெஞ்சில உக்காந்திருக்காரு, உயிரோட. வேணும்னா கிள்ளிப் பாரு."

"பாஸ்போர்ட்ல தெமிர்பெக். பட்டியல்ல போலோத்பெக். ரெண்டு பேரும் ஒரே ஆளுன்னு நான் எப்படி எழுதறது?"

சத்தம் கேட்டு மூத்த நர்ஸ் வெளியே வந்தார். ஐம்பது வயதிருக்கும். தூங்கி நாளாகியிருக்கும் என்று முகமே சொன்னது. ஒரு வெள்ளைத் தாளைச் சல்கின் முன்னால் வைத்தார். "பேரு குடுத்தது நீயா? விளக்கம் எழுதிக் குடு."

அந்த நாட்டில் பள்ளிக்கு ஒரு நாள் தாமதமாகப் போனாலும் விளக்கம் எழுத வேண்டும், வேலியில் மாடு நுழைந்தாலும் விளக்கம் எழுத வேண்டும். சல்கினுக்கு எழுதிப் பழக்கம்தான். இன்னார் மருமகளாகிய நான், இன்ன தேதியில், என்று மளமளவென்று எழுதினாள். மூன்றாவது வரியில் பேனா நின்றுவிட்டது. எழுதுவது சொல்வதாகாது என்று தனக்குத்தானே தீர்ப்புச் சொல்லிக்கொண்டு, எழுத்தெழுத்தாக அந்தப் பெயரை எழுதி முடித்தாள். தாளைக் கவிழ்த்துத்தான் நர்ஸிடம் நகர்த்தினாள்.

நர்ஸ் படித்தார். மறுபடியும் படித்தார். "கல்யாணமாகி எத்தனை வருஷம்?"

"பதினொண்ணு."

"எனக்கு முப்பது. எங்க மாமனாரு பேரும் விறகு பொளக்கற ஒரு சாமானோடதுதான். இன்னிக்கு வரைக்கும் அத 'வெட்டறது'ன்னுதான் சொல்றேன்." அவர் சிரிக்கவில்லை. தாளை மடித்துப் பையில் வைத்தார். "ஆனா உங்க எடத்துல ஆள் உள்ள போயாச்சும்மா. பத்கென் பக்கத்துலேர்ந்து வந்தவரு. மேசையில படுத்திருக்காரு. அவர எழுப்ப முடியாது."

"வேண்டாங்க. அவரும் ஒரு வீட்டுக்குப் பெரியவருதானே."

"காத்திருக்கறவங்க பட்டியல்ல கடைசியா எழுதறேன். யாராவது வரலைன்னா எடம் கெடைக்கும். உங்களுக்கு முன்னால நாலு பேரு. பேரச் சொல்லி மூணு தடவ கூப்பிடுவேன். வந்து நிக்கணும். இன்னிக்கு விட்டா இல்ல."

அதன்பிறகு காத்திருப்புதான். முற்றத்துப் பாப்ளார் மரங்களுக்குக் கீழே கிழவர்கள் கூட்டம், எல்லோர் தலையிலும் ஒரே மாதிரி வெள்ளைத் தொப்பி. தெமிர்பெக்கும் போய் அவர்களோடு உட்கார்ந்துகொண்டார். யாருடைய குதிரை எந்த வருடம் ஜெயித்தது என்று பேச்சு போய்க்கொண்டிருந்தது. கண் தெரியாதவர்கள் எல்லோரும் சேர்ந்து குதிரையின் நிறத்துக்குச் சண்டை போட்டார்கள்.

மதியம் முனவ்வர் அக்கா சமையலுக்குத் திரும்பிப் போனாள். போவதற்கு முன் தன் பையிலிருந்த ரொட்டியை எடுத்துச் சல்கினின் மடியில் வைத்தாள்.

"எங்களுக்காக இவ்வளவு..." என்று சல்கின் தொடங்கினாள்.

"வாய மூடிட்டு சாப்பிடு. நாலு நாளா என் பாத்திரத்தையெல்லாம் நீதானே தேய்ச்சு வெக்கிறே. நான் பாக்கலைன்னு நெனச்சியா?"

இரண்டு மணிக்குள் இரண்டு பேரைக் கூப்பிட்டார்கள். இரண்டரைக்கு இன்னொருவரை. சல்கின் ரொட்டியைப் பிய்த்து விரலில் உருட்டிக்கொண்டே இருந்தாள். தன் நாக்கு பிடித்த பிடிவாதத்துக்கு ஒரு மனிதரின் கண்ணை விலையாக வைத்தாகிவிட்டதே என்று நினைக்க நினைக்க ரொட்டி இறங்கவில்லை. நாலாவது ஆளைக் கூப்பிட்டபோது மணி மூன்றேகால். இனி அடுத்தது அவர்கள்தான், அதுவும் இன்னும் ஒரு இடம் காலியானால்.

மாமியாரிடமிருந்து பெர்மெத்தின் கைப்போனுக்கு அழைப்பு வந்தது. பெர்மெத் பேசிக்கொண்டே வாசல் பக்கம் நகர்ந்தாள். சரியாக அந்த நேரம் பார்த்துத் தெருவில் ஒரு கல்யாண ஊர்வலம். பத்துப் பன்னிரண்டு கார்கள், எல்லாம் ஒரே நேரத்தில் ஹாரன் அடித்துக்கொண்டு போயின. படிக்கட்டில் நர்ஸ் வந்து நின்றதைச் சல்கின் பார்த்தாள். வாய் அசைந்தது.

"தெமிர்பெக் அசானோவ்."

சல்கின் பெஞ்சைப் பார்த்தாள். மாமனார் இல்லை. எழுந்து காலாற நடந்திருக்கிறார். முற்றம் முழுக்க வெள்ளைத் தொப்பி.

"இருக்காரு, இருக்காரு" என்று கையைத் தூக்கினாள்.

"இருந்தா வரச் சொல்லும்மா. டாக்டர் கையக் கழுவிட்டு நிக்கறாரு. தெமிர்பெக் அசானோவ்."

இரண்டு ஆகிவிட்டது. சல்கின் கூட்டத்துக்குள் ஓடினாள். "மாமா! மாமா!"

பத்துக் கிழவர்கள் திரும்பினார்கள். "என்னம்மா?" என்றார் ஒருவர். "எந்த மாமா?" என்றார் இன்னொருவர். "இங்க இருக்கற எல்லாருமே யாருக்காவது மாமாதான்" என்று மூன்றாமவர் சொல்ல, சுற்றி இருந்தவர்கள் சிரித்தார்கள். தூரத்தில், தண்ணீர்க் குழாய்க்கு அந்தப் பக்கம், சுவரோரம் ஒரு முதுகு. அவள் துவைத்து இஸ்திரி போட்ட சட்டை. கார்களின் ஹாரன் இன்னும் ஓயவில்லை. ஓடிப் போவதற்குள் மூன்றாவது முறை கூப்பிட்டுவிடுவார்கள். நர்ஸ் அவளையே பார்த்துக்கொண்டு நின்றார், முடிந்த அளவு மெதுவாக மூச்சை இழுத்துக்கொண்டு.

சல்கின் பெஞ்சின் மேல் ஏறினாள். முக்காடு நழுவியது.

"தெமிர்பெக்! தெமிர்பெக் அசானோவ்!"

அந்தக் குரல் அவளுக்குள் இருந்தது என்று அவளுக்கே தெரியாது. சிரித்துக்கொண்டிருந்த கிழவர்கள் வாயை மூடினார்கள். ஒரு இளம்பெண் பெஞ்சில் ஏறி நின்று ஒரு பெரியவரை மரியாதையில்லாமல் பெயர் சொல்லிக் கூப்பிடுவதை அவர்களில் யாரும் கேட்டதில்லை. சுவரோரம் நின்றவர் சட்டென்று திரும்பினார்.

"யாரு? யாரது?"

"நான்தான் மாமா. உங்களத்தான் கூப்பிடறாங்க, வாங்க."

அவர் வந்தார். இரண்டு கிழவர்கள் ஆளுக்கொரு கையைப் பிடித்து அவரைப் படிவரை கொண்டுவந்து விட்டார்கள். கதவு மூடியது. சல்கின் பெஞ்சிலிருந்து இறங்கி முக்காட்டைச் சரிசெய்துகொண்டாள். வாசலில் பெர்மெத் போனை நெஞ்சோடு அழுத்திப் பிடித்து நின்றுகொண்டிருந்தாள். அழுத்தியும் அதற்குள்ளிருந்து மாமியாரின் குரல் கேட்டது.

"யாருடி அது? அப்பா பேரச் சொல்லிக் கத்தறது யாரு?"

பெர்மெத் பதில் சொல்வதற்குள் மறுமுனையே புரிந்துகொண்டுவிட்டது. சத்தம் நின்றது. போன் அணைந்தது.

நாற்பது நிமிடத்தில் தெமிர்பெக் வெளியே வந்தார், கண்ணில் வெள்ளைக் கட்டோடு. நல்லபடியாக முடிந்தது, நாளைக் காலை ஒன்பது மணிக்குக் கட்டைப் பிரிப்போம் என்று நர்ஸ் சொன்னார். சல்கின் நர்ஸின் கையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள். நர்ஸ்தான் கையைத் தட்டிக் கொடுத்து விடுவித்துக்கொண்டு போனார்.

விடுதியில் எல்லோரும் சமையலறையில் காத்திருந்தார்கள். ஜன்னலோர இடம் அவருக்கு. லக்மான் கிண்ணத்தில் இறைச்சி குவிந்திருந்தது. உல்கான் அக்கா ஒரு ஜோடி தடித்த காலுறையைக் கொண்டுவந்து, "கால் சூடா இருந்தா கண் சீக்கிரம் ஆறும்" என்று தானே வைத்தியம் சொல்லி அவர் காலில் மாட்டிவிட்டாள். ஷைலோபெக்கைக் காணோம் என்று எட்டிப் பார்த்தால், தெருமுனையில் நின்று தள்ளுவண்டிக்காரர்களை ஒவ்வொருவராக நிறுத்திக்கொண்டிருந்தான். "உள்ள ஒரு பெரியவருக்கு ஆபரேஷன். இன்னிக்கு ஒரு சாயங்காலம் மட்டும் கத்தாம போங்கப்பா." ஓஷ் சந்தையின் பின்தெருவில் வண்டிகள் ரகசியம் பேசுவதுபோல் "வழி, வழி" என்று போயின. ரத்த சொந்தம் பூட்டிவிட்டுப் போன ஊரில் இத்தனை பேர் எங்கிருந்து வந்தார்கள் என்று சல்கின் நினைத்துக்கொண்டாள்.

பெர்மெத் அவளை நடைக்கு இழுத்துக்கொண்டு வந்தாள்.

"அம்மா போன் பண்ணாங்க."

"திட்டினாங்களா?"

"இல்ல. அதான் பயமா இருக்கு. ராத்திரி வண்டிக்கு ஏறறாங்களாம். காலைல ஏழு மணிக்கு இங்க இருப்பாங்களாம். 'அண்ணிகிட்ட சொல்லு'ன்னாங்க. அவ்வளவுதான், வெச்சுட்டாங்க." பெர்மெத் கொஞ்சம் தயங்கினாள். "அண்ணி, காலைல அவங்க வரும்போது நான் உங்க பக்கத்துலதான் நிப்பேன். சும்மா சொல்லி வெக்கிறேன்."

சல்கின் நான்காம் எண் அறைக்குப் போனாள். மாமனார் கட்டில் தலைமாட்டில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். அவள் கதவோரமே நின்றாள், தலையைக் குனிந்துகொண்டு. அவருக்குத் தெரியப்போவதில்லை, ஆனாலும் குனிந்துகொண்டு.

"மாமா, இன்னிக்கு நான் அப்படி... என்னை மன்னிச்சிடுங்க. பேரு மாறினதும் என்னாலதான்."

அவர் குரல் வந்த பக்கம் முகத்தைத் திருப்பினார்.

"அன்னிக்கு நடையில நீ போன்ல போலோத்பெக்னு சொன்னப்ப எனக்குக் காது நல்லாத்தான் கேட்டுச்சு. தப்பாச்சே, திருத்தலாம்னு வாய் வரைக்கும் வந்துச்சு. மருமக இவ்வளவு மரியாதையா பேசறாளேன்னு பெருமையா தேத்தண்ணி குடிச்சிட்டு உக்காந்துட்டேன். பாதி தப்பு என்னுது. உங்க அத்தைகிட்ட நானே சொல்றேன்."

சல்கின் முக்காட்டு நுனியை வாயில் வைத்து அழுத்திக்கொண்டாள்.

"எங்கம்மா போய் முப்பத்தெட்டு வருஷம்" என்றார் அவர். "அண்ணன் போய் ஒன்பது. அதுக்கப்புறம் என் பேரச் சொல்லிக் கூப்பிட யாருமில்ல. உங்க அத்தை 'இந்தாங்க'ம்பா. ஊர்ல பெரியவரேம்பாங்க. பேரு பாஸ்போர்ட்ல மட்டும்தான் கெடந்துச்சு. இன்னிக்கு அந்தச் சுவத்துப் பக்கம் நிக்கறேன், யாரோ தொண்ட கிழியக் கூப்பிடறாங்க. சின்னப் பையன் மாதிரி ஓடிவரணும் போல இருந்துச்சும்மா."

வெளியே ஒரு தள்ளுவண்டி சத்தமில்லாமல் உருண்டு போனது.

"நாளைக்குக் கட்டப் பிரிக்கும்போது நீ எதிர்ல வந்து நில்லு" என்றார். "நீ வந்த நாளா தலையக் குனிஞ்சே நின்னே. அப்புறம் என் கண்ணு போயிடுச்சு. உன் முகம் எப்படி இருக்கும்னு எனக்குத் தெரியாது. தலையத் தூக்கிட்டு நில்லு, பாக்கறேன்."

"அத்தை வந்துடுவாங்க மாமா. முதல்ல அவங்கதான் எதிர்ல..."

"அவள அம்பது வருஷமா பாத்தாச்சு."

சல்கினுக்குச் சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தன. அவள் தலையைத் தூக்கினாள். அந்த வீட்டுக்கு வந்து பதினோரு வருடத்தில் முதன்முறையாக மாமனாரின் முகத்தை நேருக்கு நேர் பார்த்தாள். ஊரில் விட்டுவந்த மகனின் மோவாய் அப்படியே அவரிடம் இருந்தது.